ஒரு கோப்பை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

கலசப்பாக்கத்தில் நின்றால் ஜவ்வாதுமலை கண்ணெதிரே தெரியும். டிசிஎஸ் போர் விமான சிமுலேட்டரில் அந்த மலை கிடையாது. சிரியா இருக்கிறது, நெவாடா இருக்கிறது, ஆப்கானிஸ்தான்கூட வந்துவிட்டது. தென்னிந்தியாவின் மேல் பறந்து சண்டை போட இன்னும் வழியில்லை. அதனால் நம் வாசகர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காக்கஸஸ் வானத்தில் சுடப்பட்டு விழுகிறார்கள். விழுந்த கையோடு, பறந்ததைத் திரையில் மறுபடி காட்டும் டேக்வியூ மென்பொருளைத் திறந்து, யார் மேல் தப்பு என்று மல்லுக்கு நிற்கிறார்கள். இந்த வழக்குகளில் சில பிரசுரத்துக்கும் வருகின்றன. அனேகமாக எல்லாவற்றிலும் சாட்சி ஒன்றே ஒன்று: எழுதியவரின் சொந்தக் கணினியில் பதிவான கோப்பு.

அந்தக் கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள். டேக்வியூ பதியும் ஏசிஎம்ஐ கோப்பு, சுருக்கப்படாததாக இருந்தால், வெறும் எழுத்துதான். '#' போட்ட வரியில் நேரம், நொடிக்கணக்கில். அதன் கீழே ஒவ்வொரு விமானத்துக்கும் ஏவுகணைக்கும் ஓர் அடையாள எண். பக்கத்தில் தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம், சாய்வு. ஒன்று காட்சியை விட்டுப் போனால் அதன் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. நீங்கள் இரண்டு மணிநேரம் திட்டமிட்டுப் பறந்த விமானத்தின் முடிவு அந்தச் சின்னக் கோடுதான். இரண்டு பதிவுகளுக்கு நடுவில் உள்ள பாதையை மென்பொருளே கணக்குப் போட்டு நிரப்புகிறது. திரையில் வழவழவென்று வளையும் அந்த நாடாவில் ஒரு பகுதி ஊகம்.

டிசிஎஸ்ஸின் சொந்த டிராக் கோப்பு வேறு ரகம். அது முக்கியமாக விமானியின் கட்டளைகளைக் குறித்துவைத்துக்கொண்டு, மிஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்டுகிறது. எங்கோ ஒரு சின்ன வித்தியாசம் நுழைந்தால் போதும், அது வளர்ந்துகொண்டே போய், பத்திரமாகத் தரையிறங்கிய விமானம் மறுஓட்டத்தில் மலையில் மோதும். நீளமான மிஷன்களில் இது அடிக்கடி நடப்பதால்தான் பலரும் டேக்வியூவுக்கு மாறினார்கள். நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறது என்ற நம்பிக்கை. யாருடைய கணினியில் நடந்ததை என்பதுதான் கேள்வி.

சர்வருக்கும் உங்களுக்கும் 200 மில்லிசெகண்ட் தாமதம் என்று வையுங்கள். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் எதிரி அதற்குள் 60 மீட்டர் நகர்ந்துவிடுகிறான். நேராகப் பறந்தால் சிம் ஓரளவு சரியாக ஊகித்துவிடும். கடுமையாகத் திரும்பும்போது ஊகம் பிசகும். 'ஏவுகணை ஒட்டி உரசிப் போயிருக்கிறது, வெடிக்கவில்லை, சிம்மில்தான் பிழை' என்று வரும் கட்டுரைகளை நான் தயங்கித் தயங்கிப் படிப்பதற்கு இதுதான் காரணம். சுடப்பட்டவரின் கோப்பில் அந்த இடைவெளி வேறாக இருக்கும். பொதுச் சர்வர்கள் பலவற்றில் ஏமாற்று வேலைக்குப் பயந்து எதிரணியின் இருப்பிடத்தை ஏற்றுமதி செய்ய விடுவதுமில்லை. அங்கே உங்கள் கோப்பில் நீங்கள் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே பதிவை வைத்து முடிவு சொன்னதற்கு நம் மலையிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கவிருந்தது. ஜவ்வாதுமலையில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் விண்மீனின் ஒளியைப் பதிவுசெய்தார்கள். ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி மீண்டது. அந்த ஒரு பதிவை வைத்து, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று அறிவித்தார்கள். கைவசமிருந்த சான்றுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த குய்ப்பர் விமான ஆய்வகத்தில் எலியட் குழுவினர் எடுத்த பதிவில், கோளின் இரு பக்கமும் ஒத்த தொலைவுகளில் மங்கல்கள் இருந்தன. துணைக்கோள் அப்படி இரு பக்கமும் மறைக்காது, அவை வளையங்கள். காவலூர்க்காரர்களும் தங்கள் பதிவுக்கே திரும்பிப் போனார்கள்; அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் வானியலாளர் பாப்புவும் வளைய அமைப்பைப் பற்றி எழுதினார்கள். பதிவு மாறவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று கிடைத்தது.

டேக்வியூவிலும் பல கோப்புகளைச் சேர்த்து ஏற்றலாம். ஏனோ நம்மவர்கள் அந்த வசதியைத் தொடுவதே அபூர்வம். எதிரணிக்காரரிடம் கோப்புக் கேட்கக் கௌரவம் இடம்கொடுப்பதில்லை போலும்.

எல்லாக் கோப்பும் கிடைத்தாலும் ஒரு குறை மிஞ்சும்: காக்பிட்டில் இருந்தவன் என்ன பார்த்தான் என்பது. வியட்நாம் வான்சண்டைகளின் குறைகளை அலசிய, அமெரிக்கக் கடற்படையின் ஆல்ட் அறிக்கையைத் தொடர்ந்துதான் டாப் கன் பள்ளியும், இறக்கையில் கருவி மாட்டிப் பறந்து பிறகு தரையில் திரையிட்டு அலசும் ஏசிஎம்ஐ முறையும் வந்தன. நம் கோப்புக்குப் பெயரே அங்கிருந்து வந்ததுதான். திரையில் மேலிருந்து பார்ப்பவனுக்கு எல்லா விமானமும் தெரியும். காக்பிட்டில் இருந்தவனுக்கு ரேடாரில் என்ன விழுந்தது, எச்சரிக்கைக் கருவி எப்போது கூவியது என்பது அந்த நாடாக்களில் இல்லை. அதனால் குரல் பதிவையும் காக்பிட் வீடியோவையும் பக்கத்தில் ஓடவிட்டு, விழுந்த நொடியிலிருந்து பின்னோக்கிப் போய், 'இங்கே உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டால்தான் அது டிபிரீஃப். சாவு பெரும்பாலும் கடைசித் திருப்பத்தில் வருவதில்லை. ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால், எரிபொருள் குறைந்தும் இன்னொரு சுற்று என்று முடிவெடுத்த இடத்தில் இருக்கும்.

அடுத்த இதழிலிருந்து மிஷன் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இரண்டு நிபந்தனைகள். சர்வர் பதிவோ எதிரணியின் பதிவோ, குறைந்தது ஒன்று கூட வர வேண்டும். சிம் பதிப்பு எண்ணையும் தாமத அளவையும் கட்டுரையின் தலையிலேயே எழுதுங்கள். நீங்கள் சுடப்பட்ட மிஷன்களை அனுப்பினால் முதலில் அவற்றைப் படிப்பேன். வெற்றி வீடியோக்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன.