கண்டியை வளர்த்தது தேயிலையா?

கண்டியையும் மலையகத்தையும் நவீன காலத்துக்குள் கொண்டுவந்தது தேயிலை என்பது ஆழ வேரூன்றிய கருத்து. தேயிலைக்காகப் புகையிரதம் வந்தது, தேயிலைக்காகத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர், கோப்பி அழிந்தபோது தேயிலை மலைநாட்டைக் காப்பாற்றியது, அதனால் கண்டி நகரமும் வளர்ந்தது என்று அது நீள்கிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவற்றில் எதுவும் அப்படியே நிலைப்பதில்லை.

கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை போடும் வேலை 1858இல் தொடங்கியது. 1864இல் அம்பேபுஸ்ஸவரை ஓடிய வண்டி, 1867இல் கடுகண்ணாவை ஏறிக் கண்டியை அடைந்தது. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல்தான். 1873இல் லண்டனுக்குப் போன முதற்சரக்கு வெறும் 23 றாத்தல். அதற்காக யாரும் மலையைக் குடைந்திருக்க மாட்டார்கள். பாதையைக் கேட்டுப் போராடியவர்கள் கோப்பித் துரைமார். அவர்களுடைய தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் கண்டியில் அமைந்தது. மாட்டுவண்டிகளில் வாரக்கணக்கில் கொழும்புக்கு இறங்கிய கோப்பிக்காகவே பாதை எழுந்தது. நாவலப்பிட்டிக்கு 1874இலும் மாத்தளைக்கு 1880இலும் அது நீண்டபோது அப்பகுதிகளும் கோப்பி நிலங்களாகவே இருந்தன.

தமிழ்த் தொழிலாளர் வருகையும் கோப்பிக் காலத்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொன்றன. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாடும் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இலேயே அச்சேறியது. கோப்பி பருவப் பயிர் என்பதால் பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே தேயிலை செய்த மாற்றம் வேறு: வந்துபோனவர்களைக் குடும்பத்தோடு லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் நிலையாகக் குடியிருத்தியது. ஆட்சேர்த்த கங்காணி தந்த முற்பணம் கடனாகிக் கழுத்தைப் பிடித்தது. கடன்பட்டவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921வரை நீடித்தது.

காப்பாற்றியது என்ற சொல்லை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். இலைத்துரு நோய் 1869இல் தோன்றி, படிப்படியாகக் கோப்பித் தோட்டங்களை முடக்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. நிலத்தை விடாமல் வைத்திருக்க முடிந்த தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறி மீண்டனர். ஆனால் கோப்பி துரைமாரின் பயிர் மட்டுமன்று. கண்டிச் சிங்கள விவசாயிகளின் வீட்டுத்தோட்டங்களிலும் அது விளைந்தது. ஏற்றுமதியில் அவர்களுக்குக் கணிசமான பங்கு இருந்தது. அந்தக் கைக்காசு நின்றதும் நெல்வரி கட்ட வழியில்லாமல் வலப்பனை போன்ற பகுதிகளில் பலருடைய வயல்கள் ஏலம் போயின. நெல்வரி நீக்கப்பட்டது 1892இல்தான். இந்த இழப்பைத் தேயிலை ஈடுசெய்யவில்லை. அதை மறந்து மீட்சியை மட்டும் பேசுவது அநீதி.

நகர வளர்ச்சியைப் பொறுத்தவரை ஒப்பீடு தெளிவு தரும். அமெரிக்காவின் சிக்காகோ 1870இல் சுமார் 3 லட்சம் பேரோடு இருந்தது. 1900இல் 17 லட்சத்தை எட்டியது. இறைச்சிக்கூடங்களும் இரும்பாலைகளும் தொழிலாளரை நகருக்குள் இழுத்தன. 1901இல் கண்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ 26,000. பறித்த கொழுந்து கெடாமலிருக்க உடனே வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைக்க வேண்டும். அதனால் தேயிலைத் தொழிற்சாலை தோட்டத்திலேயே எழுந்தது. ஏலம் 1883 முதல் கொழும்பில் நடந்தது, கப்பலும் அங்கிருந்தே புறப்பட்டது. கொழும்பு ஒன்றரை லட்சம் பேரைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். கண்டியின் நகர அமைப்புகளோ தேயிலை பெருகுவதற்கு முந்தியவை: மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, ஜோன் வோக்கரின் பட்டறை கோப்பி உரிக்கும் பொறிகளோடு தொடங்கியது, போகம்பறைச் சிறைச்சாலை 1876இல் எழுந்தது. தேயிலை பெருகிய பிறகும் அதை விளைவித்தோர் மாநகர சபை எல்லைக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் பிடியிலிருந்த லயன்களிலேயே வாழ்ந்தனர்.