வேலிக்கு எது வேலி?

லஞ்சம் என்று சொன்னால் நாக்குக் கூசுகிறது என்பதற்காக "மாமூல்" என்று அதற்கொரு பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள். வழக்கம் என்பது அச்சொல்லின் பொருள். குற்றத்துக்கே வழக்கம் என்று பெயர் வைத்துவிட்ட நாட்டில், காவல் காக்க வேண்டிய துறையின் கையே நீண்டால், அந்தக் கையைப் பிடிப்பது யார்?

செக்காலையிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் இது ஏட்டுக் கேள்வி அல்ல. பாஸ்போர்ட் விசாரணைக்குக் காக்கிச்சட்டை அழைக்கும் நாளில், கடன் வாங்கி வைத்த நோட்டு பையிலே தங்குமா தங்காதா என்ற கேள்வி!

சின்னக் கையை விடுங்கள். டில்லிக்கு வாருங்கள் தோழர்களே! 2022 மே மாதம், சென்னை, கோவை உள்பட நாடெங்கும் சுமார் 40 இடங்களில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது. பிடிபட்ட 14 பேரில் உள்துறை அமைச்சகத்து ஊழியர்களும் இருந்தனர். வெளிநாட்டு நன்கொடை பெறும் தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி தரும் பிரிவிலே, தரகர் வைத்துப் பணம் கறந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சுமார் 2 கோடி ரூபாய் ஹவாலா வழியாகக் கைமாறியது என்றும் சொல்லப்பட்டது. புகார் கொடுத்தது யார் தெரியுமா? அதே உள்துறை அமைச்சகம்! தன் வீட்டுத் திருட்டைத் தானே சொன்ன அளவுக்கு அதைப் பாராட்டவும் நாம் தயங்கவில்லை.

ஆனால், அந்த மேசையிலே அத்தனை பணம் ஏன் வந்து குவிகிறது? தென்கோடியிலே அநாதைப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற இல்லமானாலும், வெளிநாட்டு நன்கொடைக்கு உரிமம் வேண்டும் என்றால் டில்லிக் கதவைத்தான் தட்ட வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பணம் முதலில் வந்து இறங்கும் கணக்கும் புதுடில்லியிலே உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் இங்கே, பசி இங்கே, பாஸ்புத்தகம் டில்லியிலே! ஊருக்கெல்லாம் ஒரே வாசல் என்று வைத்துவிட்டால், வாசற்காரன் மடியிலே கனம் சேராமல் வேறென்ன சேரும்? அதிகாரத்தை ஓரிடத்தில் குவிக்காதே, மாநிலங்களுக்குப் பகிர்ந்து கொடு என்று நாம் கேட்டு வருவது மொழிக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

பிடிக்க வந்த சி.பி.ஐ.யின் பிறப்பைப் பாருங்கள். போர்க்காலத்தில், 1941-ல், தளவாடக் கொள்முதல் ஊழலைப் பிடிக்கத் தோன்றிய தனிப் போலீசின் வாரிசு அது. 1963 ஏப்ரல் 1-ம் நாள் இப்பெயரோடு பிறந்தது, உள்துறை அமைச்சகத்தின் ஒரு தீர்மானத்தால். இன்று கடிவாளம் பிரதமரின் கீழுள்ள பணியாளர் துறையிடம். 2013-ல் உச்ச நீதிமன்றமே இதைக் கூண்டுக்கிளி என்று சொல்லிற்று. நெல் வைப்பவன் சொன்னபோது பேசும், சொல்லாதபோது உறங்கும் கிளி, யார் வீட்டுக் கள்ளனைக் காட்டிக் கொடுக்கும்?

ஆங்காங்கில் நடந்ததைக் கேளுங்கள். அப்போது அது வெள்ளையன் ஆண்ட பகுதி. ஊழலை விசாரித்த பிரிவும் போலீசுக்குள்ளேயே இருந்தது. காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி விசாரணையில் சிக்கினார்; 1973-ல் தன் போலீஸ் விமான நிலைய அனுமதி அட்டையைக் காட்டியே விமான நிலையத்தைக் கடந்து லண்டனுக்குப் பறந்தார்! மக்கள் தெருவில் இறங்கினர். 1974 பிப்ரவரியில், போலீசோடு ஒட்டும் உறவுமற்ற சுயேச்சை ஆணையம் பிறந்தது. காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து சிறைக்கும் அனுப்பியது. போலீசார் விட்டார்களா? 1977-ல் ஒரு கும்பலாக ஆணைய அலுவலகத்துக்குள்ளே புகுந்து தாக்கினார்கள். ஆளுநர் பணிந்து, பழைய குற்றங்களில் பெரும்பகுதிக்கு மன்னிப்பு வழங்கினார். அது கசப்பான விலைதான். ஆனாலும் ஆணையம் நிலைத்தது.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும், பார்க்காமல் பேசினால் பிறர் சிரிப்பார்கள். தமிழர் கே. சந்தானம் தலைமையிலான குழு, நாட்டின் ஊழல் தடுப்பு முறையை ஆராய்ந்து அறிக்கை தந்த அதே 1964-ல்தான், நம் மாநிலத்து ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககமும் தோன்றியது. நோட்டிலே பினாப்தலீன் பொடி தடவி, வாங்கிய கையைச் சோடாக் கரைசலில் முக்கினால், நீர் இளஞ்சிவப்பாகும். எத்தனையோ பேர் அந்த நிறத்தைக் கண்டு விழித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அதிகாரிகளாக வருகிறவர்களும் பெரும்பாலும் போலீசிலிருந்து வருகிறவர்களே. நாளை திரும்பிப் போக வேண்டியவர்களும்கூட. சக அதிகாரியின் கையை முக்கும்போது அவர்கள் கை நடுங்காதிருக்க, தனிச் சட்டம் வேண்டும், தனிப் பணிநிரை வேண்டும். டில்லிக்குச் சொல்வதைக் கோட்டைக்கும் சொல்கிறோம். கோட்டையில் எவர் இருந்தாலும் சொல்வோம்.

2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, அதிகாரி கோப்பிலே எடுத்த முடிவுகளை விசாரிக்க மேலிடத்தின் முன் அனுமதி வேண்டும் என்றொரு கேடயத்தையும் சேர்த்தார்கள். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு மட்டும் அது வேண்டாம். அதே திருத்தத்தில், கொடுப்பவனும் குற்றவாளி என்றார்கள். மிரட்டிப் பிடுங்கினால் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். கொடுக்கும் முன்பே சொல்லி, உடன் நின்று பிடித்துக் கொடுத்தாலும் தப்பலாம். அதிகாரிக்குக் கேடயம், தொழிலாளிக்கு ஏழே நாள்! இந்த ஏழு நாள் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? செக்காலைத் தோழர்கள் படிப்பகத்துக் கரும்பலகையில், நாளைக்கே எழுதி வைக்கட்டும்.