இரண்டு திரைக்கு எத்தனை வாட்?

யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்பார்கள். கம்ப்யூட்டர் வாங்கும் குடும்பங்கள் பலவும் இன்று இதைத்தான் செய்கின்றன.

பிராசஸர் எது என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். மானிட்டருக்காக லாமிங்டன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். கையில் இருந்த பணம் கரைந்த பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி நினைவுக்கு வருகிறது. "ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். கடைக்காரரும் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுத்து விடுகிறார்.

இந்த "ஏதாவது ஒன்று" சரிதானா? சீத்தா கேம்ப் போன்ற இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி காலி செய்யப்பட்டது. அங்கிருந்த குடும்பங்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டன. அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அன்று சேற்று நிலத்தில் குடிசை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள். கடைகளுக்குக் கணக்கு எழுதுவது, கல்யாண வீடியோ எடிட் செய்வது, டி.டி.பி. வேலை என்று வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க வழி இருக்கிறது.

இந்த வேலைகளுக்கு ஒரு திரை போதாது. ஒன்றில் பில்லைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றில் கணக்கு ஏற்றினால் வேலை விரைவாக முடியும். அப்படிப்பட்டவருக்கு இரண்டு மானிட்டர் என்பது ஆடம்பரம் அல்ல. தையல்காரருக்கு மெஷின் போல அது தொழில் கருவி.

தவறான எண்ணம்

திரை இரண்டானால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் இரண்டு மடங்கு பெரியதாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

மானிட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுவரில் உள்ள பிளக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. 24 அங்குல எல்.இ.டி. மானிட்டருக்குச் சாதாரணமாக 20 முதல் 30 வாட் போதும். அந்தச் சுமை எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் விழுவதில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி, கேபினட்டுக்குள் இருக்கும் பாகங்களுக்குக் கொடுப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை.

அப்படியானால் சுமை எங்கே கூடுகிறது? கிராபிக்ஸ் கார்டில் கூடுகிறது. ஆனால் இரண்டு திரைக்குத் தனிக் கார்டு தேவைதானா? கணக்கு வேலைக்கும் டி.டி.பி. வேலைக்கும் பெரும்பாலும் தேவையில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருக்கிறது. மதர்போர்டில் இரண்டு திரைக்கான சாக்கெட்டுகள் இருந்தால் போதும். இன்டெல் பிராசஸர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணின் முடிவில் 'எப்' என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், கார்டுக்குத் தனியாகச் செலவு செய்ய நேரும்.

கணக்கு என்ன?

கார்டு இல்லாத அத்தகைய கம்ப்யூட்டரில் பிராசஸர் முழு வேகத்தில் சுமார் 90 வாட் இழுக்கும். மதர்போர்டு, மெமரி, டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 140 வாட். தரமான 450 வாட் பெட்டி இதற்குத் தாராளம்.

வீடியோ எடிட் செய்வோருக்குக் கார்டு தேவைப்படலாம். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட் போதும். அதற்கும் அதே 450 வாட் பெட்டி தாங்கும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் பெட்டி வேண்டும் என்று கார்டைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்க வேண்டும். பிராசஸரும் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அந்த 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 16ஆல் பெருக்க 192 வாட்தான் வருகிறது. 36 ஆம்பியர் என்று இருந்தால் 432 வாட் வரும். இரண்டின் மேலும் 450 என்று எழுதியிருக்கலாம். எது உண்மையான சரக்கு?

'80 பிளஸ்' முத்திரையும் ஓர் அடையாளம். 2004ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. பெட்டி இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் பயன்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 120 வாட் வேலைக்கு அத்தகைய பெட்டி 150 வாட் எடுக்கும். 65 சதவீதம் மட்டுமே பயன்படுத்தும் மட்டமான பெட்டி ஏறக்குறைய 185 வாட் எடுக்கும். மிச்சமெல்லாம் சூடாகத்தான் போகிறது. தினம் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 84 யூனிட் வீண். அந்தப் பணம் பில்லில் சேர்ந்து வருகிறது. முத்திரையைப் போலியாகவும் ஒட்டலாம் என்பதால், அந்தத் திட்டத்தின் பட்டியலில் மாடல் எண் இருக்கிறதா என்று இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏழைக்கு இது கட்டுமா?

"இதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டி கெட்டால் தான் மட்டும் கெடுவதில்லை. மட்டமான பெட்டியில் பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக இருப்பதில்லை. மதர்போர்டு, டிஸ்க், டிஸ்க்கில் உள்ள வாடிக்கையாளரின் வேலை எல்லாவற்றையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். வசதி உள்ளவர் மறுநாளே வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடுவார். கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் போட்டவர் என்ன செய்வார்?

பணம் குறைவாக இருந்தால் கார்டைத் தள்ளிப் போடலாம். இரண்டாவது மானிட்டரைப் பழையதாக வாங்கலாம். கேபினட்டில் சிக்கனம் செய்யலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆண்டுகள் ஆக ஆகத் தளர்ந்துவிடும். ஆபீஸ்களில் கழித்துவிடும் முழுக் கம்ப்யூட்டரை வாங்குவோரும், உள்ளே இருக்கும் பெட்டி எத்தனை வாட் என்று பார்த்த பிறகே கார்டு போட வேண்டும். அவற்றில் பல சிறிய பெட்டிகள். வேறு அளவு, வேறு இணைப்பு என்பதால் மாற்றுவதும் கஷ்டம்.

எர்த் எங்கே?

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் சுவரில் இருக்கிறது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் இப்படித்தான் சுரீர் என்னும். வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் சந்துகளில் ஒரு வீட்டுத் தீப்பொறி ஒரு வீட்டோடு நிற்காது. மேலும், கம்ப்யூட்டருக்கும் இரண்டு மானிட்டருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு தாங்கும். அதே போர்டில் இஸ்திரிப் பெட்டியையும் செருகுவது ஆபத்து.

கடைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. பில்லில் 'எஸ்.எம்.பி.எஸ். ஒன்று' என்று எழுதினால் போதாது. கம்பெனிப் பெயர், மாடல் எண், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றை எழுதித் தர வேண்டும். கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை. சீத்தா கேம்ப்பில் உள்ள தமிழ் இளைஞர்கள் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு சந்து சந்தாக எர்த் சோதனை நடத்தினால் அது பெரிய தொண்டாக இருக்கும்.

பெரிய வாட் வேண்டாம். பொய் வாட்டும் வேண்டாம். தேவைக்கு ஏற்ற, நாணயமான வாட் போதும். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், பிள்ளைகளின் பிழைப்புக்குப் போடும் காவல்.