மைனருக்கு மாலை, பெஜோவுக்கு இரும்புக்கடை

ரொறன்ரோவில் இருந்து வந்த நண்பர் வத்தேகமவில் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஒரு தீர்ப்பு வழங்கினார். இலங்கையில் சேகரிக்கத் தகுந்த பழைய கார் மொரிஸ் மைனர் ஒன்றுதானாம். பெஜோ 404 வெறும் டக்சிக்காரனின் சாமானாம். எனக்குப் பொறுக்கவில்லை.

மைனரை நான் இகழவில்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த அந்தக் கார், பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார். வளைவில் அது திரும்பும் இலாவகத்துக்கு இன்றும் தலைவணங்குவேன். ஆனால், அதன் கடைசி வலுவான எந்திரமே 1098 சி.சி., 48 குதிரைவலுதான். நால்வரை ஏற்றிக்கொண்டு பன்விலைக்கு ஏறியவர்கள் அதன் முனகலை மறந்திருக்க மாட்டார்கள்.

404 ஐப் பாருங்கள். 1960 இல் வந்தது. உடலை வரைந்தவர்கள் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தார். 1618 சி.சி. எந்திரத்தை 45 பாகை சரித்து வைத்து முன்மூடியைத் தாழ்த்தினார்கள். நான்கு சில்லுகளுக்கும் சுருள்வில். கிழக்காபிரிக்க சஃபாரி ஓட்டப் போட்டியை 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றது இந்த "டக்சி"தான். அதே 404 ஐ இருகதவுக் கூபேயாகவும் பினின்ஃபரினா கட்டியது. அதற்காக ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். கதவு நான்கானால் மட்டும் குலம் தாழ்ந்துவிடுமா?

தோட்டத்து லயத்தில் இருந்து பிரசவ வேதனைக்காரியை நள்ளிரவில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதை நான் கண்டிருக்கிறேன். அன்று ஓடியது 404. டக்சி என்பது அந்தக் காருக்கு இழுக்கன்று. அதுவே அதன் சான்றிதழ்.

ஓர் இடத்தில் நண்பர் பக்கம் நியாயம் உண்டு. மைனரின் தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இலங்கையிலேயே செய்து, 1990களில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம். பெஜோவுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஆனால், தேவை இருந்ததால் உதிரிப்பாகம் வந்தது. 404 ஐ வெட்டி விற்றுவிட்டு உதிரிப்பாகம் இல்லையே என்று புலம்புவது எவ்விதத்தில் நியாயம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய இரும்பெல்லாம் பொன்னாயிற்று. மைனரின் மூடியைத் திறந்தால் உள்ளே ஜப்பானிய எந்திரம். வெளியே பளபளக்கும் மொரிஸ் இலச்சினை. அதற்கு "அசல்" என்று பெயர் சூட்டி இலட்சங்களைக் கேட்கிறார்கள். துரைமார் ஓட்டிய கார் என்ற மயக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. சேகரிப்பு என்றால் அது ஓடிய பாதையையும் சேர்த்தல்லவா சேகரிக்க வேண்டும்?

நண்பர் பேச்சை மாற்றினார். புகையிரத நிலையத்துக்கு அருகே தார்ப்பாயின் கீழ் ஒரு சாம்பல்நிற 404 நின்றதே, அது இருக்கிறதா என்று கேட்டார்.

சென்ற தை மாதம் கிலோக் கணக்கில் போய்விட்டது என்றேன்.