எமிட்டரிலிருந்து தொடங்குக

டிரான்ஸிஸ்டர்களாலாகிய வேறுபாட்டுப் பெருக்கியில் கலெக்டர் மின்னோட்டத்தைக் கணிக்குமாறு பணித்தால், மாணாக்கருட் சிலர் பீட்டாவின் மதிப்பைத் தேடி அட்டவணையைப் புரட்டுகின்றனர். ஏனையோர் உடனே கணினியை நாடுகின்றனர். இவ்விரண்டும் முதற்படியாகா என்பது நமது அபிப்பிராயம்.

பீட்டா நிலையான அளவன்று. ஒரே பெயர் பொறித்த இரண்டு டிரான்ஸிஸ்டர்களுள் ஒன்றிற்கு அது 100 ஆகவும் மற்றதற்கு 200 ஆகவும் இருத்தல் கூடும். இப்பெருக்கியோ அதனைச் சார்ந்து நிற்பதன்று. இரு எமிட்டர்களும் கூடுமிடத்துள்ள மின்தடையே இங்கு மின்னோட்டத்தை வரையறுக்கின்றது. 1936-ஆம் ஆண்டிலேயே ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் வால்வுகளைக் கொண்டு இவ்வமைப்பிற்குக் காப்புரிமை கோரினார்.

ஓர் உதாரணம் கொள்வோம். மின்வழங்கிகள் நேர் 12, எதிர் 12 வோல்ட். பேஸ்கள் இரண்டும் பூமியுடன் இணைந்தவை. எமிட்டர் மின்தடை 11.3 கிலோ ஓம். எமிட்டர்கள் பேஸினும் 0.7 வோல்ட் தாழ்ந்து நிற்குமாதலின், மின்தடையின் குறுக்கே 11.3 வோல்ட் எஞ்சும். மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். இரு டிரான்ஸிஸ்டர்களும் ஒத்தனவாயின் ஒவ்வொன்றிற்கும் 0.5. பேஸின் பங்கைக் கழித்தால், பீட்டா 100 ஆயின் கலெக்டர் மின்னோட்டம் 0.495, 200 ஆயின் 0.4975. பீட்டா இருமடங்காகியும் விடை மாறியது நூற்றில் அரைப்பங்கே!

கணினி நொடியில் விடை தருமே எனச் சிலர் வினவலாம். 11.3 என்பதை 1.13 என நாம் தவறிப் பதிந்தாலும் அது தயங்காது விடை தரும். 0.5 என்னும் எண்ணை முன்னரே உள்ளத்திற் கொண்டவனுக்கே பிழை புலப்படும்.

கைக்கணக்கிற்கும் எல்லை உண்டு. பேஸ்களுக்கிடையே 18 மில்லிவோல்ட் வேறுபாடு நேரின், மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டிற்கு ஒன்றாகப் பிரியும். 60 மில்லிவோல்ட்டாயின் பத்திற்கு ஒன்று. ஒரு டிரான்ஸிஸ்டர் மற்றதனினும் 9 பாகை சூடேறினும் பாகைக்கு 2 மில்லிவோல்ட் வீதம் அதே 18 மில்லிவோல்ட்டின் விளைவு உண்டாகும். ஆகவே ஆய்வுகூடத்தில் அளவு 0.5-ஐ விட்டு விலகுமாயின், கணக்கைப் பழியாது, இணை ஒத்ததா, சூடு ஒன்றா என ஆராய்தலே முறை.

மின்விசையை இயக்குமுன் மதிப்பீட்டைக் குறிப்பேட்டில் எழுதுக என ஆசிரியர் கட்டளையிடுவாராக. ஏறத்தாழ இவ்வளவென்று முன்னரே அறியாதவன் கருவி காட்டுவதனைத்தையும் நம்புவான், அஃது அறிவியலாகாது.