ஞாயிற்றுக்கிழமை ரிலே, சனிக்கிழமை என்ன?

பெசன்ட் நகரிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விடியற்காலையில் ஓடுகிறவர்களிடம் இப்போது அடிக்கடி வந்து சேரும் ஓர் அழைப்பு உண்டு. "டீமுக்கு ஒரு ரன்னர் மட்டும் குறையுது, வர்றீங்களா?" நீந்த ஆள் கிடைத்துவிட்டார், சைக்கிளுக்கும் ஆள் இருக்கிறார், டிரையத்லான் ரிலேயில் ஓட மட்டும் ஒருவர் வேண்டும். ரிலே ஞாயிற்றுக்கிழமை என்றால், கூப்பிடப்படுகிறவர் அநேகமாக அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை ஏதோ ஒரு 5 கி.மீ. போட்டிக்கும் பணம் கட்டியிருப்பார். இரண்டையும் ஓடிவிடலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. ரிலேயில் ஓடுகிறவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிரையத்லான் 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக்குக்கு வந்தது. கலப்பு ரிலே அதற்கு வெகுகாலம் கழித்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதில் அணிக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நால்வருமே மூன்றையும் செய்தாக வேண்டும்: 300 மீட்டர் நீச்சல், ஏறத்தாழ 7 கி.மீ. சைக்கிள், ஏறத்தாழ 2 கி.மீ. ஓட்டம். முடித்தவர் அடுத்தவரின் கையைத் தட்டிவிட்டு ஓய்வார். நம்மூர் ஓட்டக்காரருக்கு அழைப்பு வருவது இந்த ரிலேக்கு அல்ல. பொதுமக்களுக்கான போட்டிகளில் ஒருவர் நீந்துவார், இன்னொருவர் சைக்கிள் ஓட்டுவார், மூன்றாமவர் ஓடுவார். நீச்சலே தெரியாதவரும் இதில் சேரலாம். மூன்றையும் ஒரே ஆளாக முடித்தவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தனியாக முடித்தவருக்குள்ள பட்டத்தை மட்டும் நாமாகச் சூட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போகிற கோவா போட்டியையே பார்ப்போம். பணஜியின் மிராமார் கடற்கரையில் 2019 முதல் நடக்கும் அயர்ன்மேன் 70.3 அது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஓடுபவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. சாதாரண நீச்சல்காரர் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். சைக்கிளுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். விடிந்து சற்று நேரத்தில் போட்டி தொடங்கினாலும் ஓட்டக்காரர் கால் எடுத்து வைக்கும்போது மணி பதினொன்றை நெருங்கியிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு ஓடி, ஏழரைக்கு டிபன் சாப்பிட்டுப் பழகிய உடம்பு அக்டோபர், நவம்பர் மாதக் கடலோர வெயிலில், அதுவும் உச்சிவேளையில், அரை மாரத்தான் ஓட வேண்டும்.

கைமாற்றும் இடத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். இந்த ரிலேயில் பேட்டனுக்கும் வேலையில்லை, அடுத்தவர் கையைத் தட்டுவதற்கும் வேலையில்லை. கணுக்காலில் ஒட்டுப்பட்டையால் கட்டிய டைமிங் சிப்தான் அணியின் கடிகாரம். சைக்கிளில் வந்தவர் இறங்குவதற்கான கோட்டுக்கு முன்பே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தாங்கியில் மாட்டுவார். அதன்பிறகே சிப்பைக் கழற்றிக் கொடுப்பார். உப்பும் வியர்வையும் ஊறிய அந்தப் பட்டையைக் குனிந்து தன் காலில் கட்டும்போது ஓட்டக்காரரின் விரல்கள் நடுங்கும். அவசரத்தில் தளர்வாகக் கட்டினால் வழியில் கழன்று விழும். இன்னும் இரண்டு விநாடி எடுத்து இறுக்கிக் கட்டுங்கள். அரை மாரத்தானில் இரண்டு விநாடி ஒரு பொருட்டே இல்லை.

பெரிய பொறி அதன்பிறகுதான். பாதையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களில் பலர் 90 கி.மீ. மிதித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய தொடைகள் கட்டையாக இறுகிப்போயிருக்கும். ரிலே ஓட்டக்காரரோ புதுக் கால்களோடு இறங்குகிறார். ஒவ்வொருவராகத் தாண்டத் தாண்ட உற்சாகம் தலைக்கேறி, முதல் கிலோமீட்டரை 5 கி.மீ. போட்டி வேகத்தில் ஓடிவிடுவார். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது, வேகம் கூடாமலேயே இதயத் துடிப்பு மட்டும் ஏறும். பன்னிரண்டாவது கிலோமீட்டருக்குள் நடக்க ஆரம்பிப்பவர்களில் ரிலேக்காரர்களையும் பார்க்கலாம். முதல் ஐந்து கிலோமீட்டருக்காவது வழக்கமான அரை மாரத்தான் வேகத்திலிருந்து கிலோமீட்டருக்கு அரை நிமிடத்தை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அதனால் உப்பும் உள்ளே போக வேண்டும்.

காத்திருக்கும் நேரமும் போட்டியைச் சேர்ந்ததுதான். நீந்துபவரோடு நான்கு மணிக்கு எழுந்து, அவரோடு சாப்பிட்டு, கரையில் நின்று கூவிவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் வெயிலில் சுற்றினால் ஓட இறங்கும்போது வயிறு காலியாக இருக்கும். ஓடுபவர் ஏழரை, எட்டு மணிவாக்கில் இட்லியோ வாழைப்பழமோ ரொட்டியோ, பழகிய எதையாவது சாப்பிட்டுவிட்டு, நிழலில் கால் நீட்டி உட்காரட்டும். சைக்கிள்காரர் வருவதற்கு இருபது நிமிடம் முன் எழுந்து உடம்பைச் சூடாக்கினால் போதும்.

இனி சனிக்கிழமை. ஞாயிறு ரிலே 5 கி.மீ. ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் வகை என்றால், பழகிய ஓட்டக்காரருக்கு இரண்டு நாளும் ஓடுவது பெரிய காரியமில்லை. அரை மாரத்தான் ரிலே என்றால் கதை வேறு. 5 கி.மீ. ஓடுவதால் உடம்பின் எரிபொருள் தீர்ந்துவிடாது, உண்மைதான். ஆனால் முழுமூச்சாக ஓடிய தசைகளின் வலி மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்கு வரும். அந்த வலியை வாங்கிக்கொண்டு, உங்களை நம்பிப் போட்டியில் இறங்கிய இரண்டு பேரின் நேரத்தையும் சேர்த்துச் சுமப்பது நியாயமில்லை. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், சனிக்கிழமை 5 கி.மீ.யை நண்பரோடு பேசிக்கொண்டே ஓடி முடியுங்கள். அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு வராது என்று தெரிந்தால், சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.