மணி அடித்த பிறகு கூடுதல் தாள் கிடையாது

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் ஆத்தூரில் என் வீட்டுக்கு வந்தான். பத்திரத்தை அடமானம் வைத்து ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருக்கிறான். தவணை தவறியது; அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இவனும் வக்கீல் வைத்து, பதிலுரையோடு எதிர் கோரிக்கையும் போட்டான். கேட்காமலே காப்பீட்டுக்கென்று பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. வசூலுக்கு வந்தவரிடம் ரொக்கமாகக் கொடுத்து, கணக்கில் வரவு வைக்காத நான்கு தவணைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரசீதுகள் பீரோவுக்குள் கிடந்திருக்கின்றன. சாட்சி விசாரணை தொடங்கிய பிறகுதான் தேடி எடுத்தான். திருத்த மனு போட்டான். தள்ளுபடி.

"நான் உண்மையைத்தானே சார் சொன்னேன்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு தெரிந்த வக்கீலிடம் விசாரித்தேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 6, விதி 17 என்று ஒன்று இருக்கிறது. மனுவையோ பதிலுரையையோ திருத்த அனுமதிக்கும் விதி. வழக்குகள் இழுபடுகின்றன என்று 1999-இல் இதையே நீக்கச் சட்டம் செய்தார்கள். வக்கீல்கள் எதிர்த்தார்கள். 2002-இல் ஒரு நிபந்தனையோடு திரும்ப வந்தது: விசாரணை தொடங்கிய பிறகு திருத்த வேண்டுமானால், எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே சொல்ல முடியவில்லை என்று கோர்ட் நம்ப வேண்டும். சொந்த பீரோவில் ரசீதை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? புதிதாக எதிர் கோரிக்கை போடுவதற்கும் எழுவினாக்கள் வனையும் வரைதான் வாய்ப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

விதியை நான் குறை சொல்லவில்லை. பரீட்சையில் மணி அடித்த பிறகு கூடுதல் தாள் கேட்டால் நானே கொடுத்ததில்லை. ஆனால் பரீட்சைக்கு முன்னால் "எல்லாக் கேள்வியையும் படி, பிறகு எழுது" என்று சொல்லித் தருவோம். கடன்காரனுக்கு அதை யாரும் சொல்வதில்லை. வக்கீல் ஆபீசில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு வந்துவிடுகிறான். வக்கீல்கள் முதல் நாளே "எல்லா ரசீதையும் கொண்டு வா" என்று கேட்க வேண்டும். நாமும் கேட்காமலே கொண்டுபோக வேண்டும்.

சர்ஃபாசி சட்டப்படி வங்கி நோட்டீஸ் விட்டால் இன்னும் வேகம். அங்கே வீட்டை எடுக்க வழக்கே போட வேண்டியதில்லை. நோட்டீசுக்கு 60 நாள் கெடு. அதற்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால் 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வாயால் மேனேஜரிடம் புலம்பியது எதுவும் கணக்கில் வராது.

வசதியில்லாதவர்கள் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இன்று ராத்திரியே பீரோவைத் திறந்து, கடன் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். கடன் வாங்குவது குற்றமில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் முன்பே வந்திருந்தால், கணக்கை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், ஆத்தூர்